சுவரில் வளர்ந்த குருத்து

1974ஆம் ஆண்டு குருத்தோலை ஞாயிறன்று ஆரோக்கியசெல்வி தன் வீட்டுப் பலகைச் சுவரில் செருகி வைத்த தென்னங்குருத்து நான்கரை ஆண்டுகள் காயவில்லை. காயாததோடு, வாரத்துக்கு ஒரு விரற்கடை வீதம் வளரவும் செய்தது. 1976 மழைக்காலத்தில் அது கூரைத் தகரத்தை முட்டியதால், ஹட் பேயிலிருந்து ஆள் கூட்டி வந்து தகரத்தில் ஒரு சாண் அகலத்துக்குத் துளை வெட்ட வேண்டியதாயிற்று. துளை வழியாக மழை ஒழுகுகிறது, அடுப்பு நனைகிறது என்றுதான் அவள் பார்க்கிறவர்களிடமெல்லாம் குறைபட்டுக்கொண்டாள். குருத்து வளர்ந்ததைப் பற்றி அவளுக்குக் குறை எதுவும் இல்லை.

ஊரின் பெயர் ஏழாம் கிலோமீட்டர். ஹட் பே கப்பல் ஜெட்டியிலிருந்து ஏழாவது கல் நட்டிருந்த இடம் என்பதால் அந்தப் பெயர். வேறு பெயர் யோசிக்க யாருக்கும் நேரம் கிடைக்கவில்லை. 1969இல் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள கடற்கரையிலிருந்து முப்பத்தொரு கத்தோலிக்கக் குடும்பங்கள் கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்தன. தலைமுறை தலைமுறையாக வலை வீசியவர்களைக் காட்டை வெட்டித் தென்னை நடச் சொன்னார்கள். வீட்டுக்கு ஐம்பது கன்று. எட்டாம் ஆண்டு முடிவில் பாதி மரமாவது காய்த்திருந்தால் நிலம் குடும்பத்துக்கு. இல்லையென்றால் நிலம் திரும்பப் போகும், குடும்பம் மெயின்லேண்டுக்குத் திரும்பப் போகும். ஆரோக்கியசெல்வியின் கணவன் மத்தியாஸ் முதல் கன்றைக் கிணற்றடியில் நட்டுவிட்டு, இதன் முதல் இளநீரில் பாதி உனக்கு, பாதி எனக்கு என்று சொன்னான். அதைத் தவிர அவன் அவளிடம் ஆசையாகப் பேசியதாக ஊரில் வேறு தகவல் இல்லை. 1972 மழையில் மலேரியா கண்டு இறந்தான். ஏழாம் கிலோமீட்டரின் மூன்றாவது கல்லறை அவனுடையது. பிள்ளைகள் கிடையாது. அந்த இளநீரில் பாதியைக் கல்லறையில் ஊற்றிவிட்டு மீதியைத் தான் குடிக்க வேண்டும் என்பது ஒன்றுதான் அதன்பிறகு அவளுக்கு இருந்த திட்டம்.

1973இல் வண்டு வந்தது. எந்தக் கப்பலில், எந்தக் கன்றோடு வந்தது என்று தெரியாது. நெல்லைவிடச் சற்று நீளம், தட்டையான உடம்பு, பாதி கறுப்பு, பாதி செங்காவி. விரியாத குருத்தின் மடிப்புக்குள் குடும்பத்தோடு தங்கி உள்ளேயே தின்று உள்ளேயே பெருகும். குருத்து விரியும்போது ஓலை இஸ்திரிப் பெட்டி பட்ட துணியாகத் தீய்ந்திருக்கும். ஆறேழு ஓலை அப்படி விரிந்தால் மரத்தின் கதை முடிந்தது. மருந்துப் பொடி தூவினார்கள். மடிப்புக்குள் பொடி போகவில்லை, கோழிகள்தான் செத்தன. அடுத்த பிப்ரவரிக்குள் ஆயிரத்து ஐந்நூற்றுச் சொச்சம் மரங்களில் சீக்குப் பிடிக்காதவற்றை ஒரு நடையில் எண்ணிவிடலாம் என்ற நிலை வந்தது. சாமான்களைக் கட்டலாமா என்று பெண்கள் பேசத் தொடங்கினார்கள்.

அந்த மார்ச்சில் போர்ட் பிளேரிலிருந்து திருநாவுக்கரசு வந்தார். தென்னைப் பூச்சிகளைப் பார்க்க நியமிக்கப்பட்டவர், கும்பகோணத்துக்காரர், அங்கே டெய்ரி ஃபார்ம் என்ற பேட்டையில் தனிக்கட்டையாகக் குடியிருந்தார். கடற்கரைக் கிறிஸ்தவர்களைப் பற்றி, அவர்கள் மீன் சாப்பிடுவார்கள் என்பதற்கு மேல் அவருக்கு ஒன்றும் தெரியாது. ஒரு வருஷம் கடிதம் எழுதி, மெயின்லேண்டு ஆய்வுக்கூடம் ஒன்றிலிருந்து ஐஸ் பெட்டியில் குளவிகளை வரவழைத்திருந்தார். குளவி என்றதும் ஊர் பயந்தது. அவர் தீப்பெட்டியைத் திறந்து காட்டினார். உள்ளே பருப்புப் போல விறைத்த வண்டுப் புழுக்கள் கிடந்தன. கண்ணுக்கு எட்டாத ஒரு குளவி புழுவின் உடம்புக்குள் முட்டை வைக்கும். குஞ்சுகள் புழுவை உள்ளிருந்தே தின்று, இருபது இருபதாக வெளியே வரும். குருத்தின் மடிப்புக்குள் நுழைந்து அடுத்த புழுவைத் தேடும். மனிதரைக் கொட்டாது. திருடனைப் பிடிக்க அவன் வீட்டுக்குள்ளேயே ஆள் வைப்பது மாதிரி என்றார். அறுபது மரங்களைத் தேர்ந்தெடுத்து, குருத்தின் அடியில் புழுக்களைப் பொட்டலம் கட்டி வைத்தார். அடையாளத்துக்கு அலுவலகத்தில் கோப்பு கட்டும் சிவப்புத் துணியைக் கிழித்து ஒவ்வொரு மரத்திலும் கட்டினார். இந்த மரங்களை யாரும் தொடக்கூடாது என்று ஊரைக் கூட்டிச் சொன்னார்.

"தொடுவமா சார்? துணி கட்டுன மரம்னா எங்களுக்குத் தெரியாதா?" என்றார் சின்னப்பன். பூசைக்குச் சாமியார் வராத ஞாயிறுகளில் சிலுவை நட்ட குருசடியில் செபம் நடத்தும் உபதேசியார் அவர்.

அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது, வினையே அதுதான். அவர்களுடைய கரையில் குருத்தோலை ஞாயிறு பவனிக்கு நேர்ந்துவிட்ட தென்னையில் சிவப்புத் துணி கட்டுவது தாத்தா காலத்து வழக்கம். கட்டியபின் ஞாயிறு வரை அந்தக் குருத்தை யாரும் தொடமாட்டார்கள். ஞாயிறு காலையில் அதை மட்டுமே வெட்டுவார்கள். வேற்று மதத்து அரசாங்க ஆள் ஒருவர் பொறுப்பாக அறுபது மரத்தை நேர்ந்துவிட்டுப் போனதில் ஊருக்கே மனம் நிறைந்துபோயிற்று. பதினைந்து நாளில் திரும்புகிறேன் என்று போனவரின் கப்பல் இயந்திரம் கெட்டு போர்ட் பிளேரிலேயே நின்றுவிட்டது. ஏப்ரல் ஏழாம் தேதி விடியற்காலையில் சின்னப்பனும் ஆண்களும் ஏணி சாத்தி அறுபது குருத்தையும் வெட்டினார்கள். கிணற்றடியில் மத்தியாஸ் நட்ட மரத்திலும் துணி இருந்தது. அதை வெட்டும்போது சின்னப்பனின் அரிவாள் ஆழமாக இறங்கி, மரத்தின் கொண்டையே போய்விட்டது. அந்த மரம் மே மாதத்தில் செத்தது. அதன் குருத்தை எனக்குத் தாருங்கள் என்று ஆரோக்கியசெல்வி கேட்டு வாங்கிக்கொண்டாள்.

பவனி நன்றாக நடந்தது. மந்திரித்த குருத்துகளை வீட்டுக்குக் கொண்டுபோய், கிழித்துச் சிலுவையாக முடைந்து வாசலில் செருகினார்கள். உள்ளே இருந்த குளவிகள் வீடுகளுக்குள் வெளிவந்து, விளக்குச் சிமினியிலும் கஞ்சிப் பானையிலும் விழுந்து நான்கு நாளில் செத்தன. எங்கிருந்து இந்தத் தூசி என்று பெண்கள் பெருக்கித் தள்ளினார்கள். ஆரோக்கியசெல்விக்குச் சிலுவை முடையத் தெரியாது. அந்த வேலை மத்தியாஸுடையது. அதனால் அவள் குருத்தைக் கிழிக்காமல் முழுதாகவே பலகை இடுக்கில் நட்டுவைத்தாள். காயாததற்கு அதுதான் காரணம் என்று சிலர் சொன்னார்கள். கிணற்றுத் தண்ணீர் தெளித்தாள் என்றார்கள் வேறு சிலர். அவளைக் கேட்டால், காயலை, அவ்வளவுதான் என்பாள்.

மே மாதம் திருநாவுக்கரசு திரும்பி வந்தார். மரங்களை அண்ணாந்து பார்த்தபடி தோட்டத்தில் ஒரு சுற்று நடந்தார்.

"அறுபது குருத்தையுமா?" என்று கேட்டார்.

"ஒண்ணு விடல சார். எல்லாம் மந்திரிச்சாச்சு" என்றார் சின்னப்பன், பெருமையாக.

திருநாவுக்கரசு சாலையில் கிலோமீட்டர் கல் மேல் உட்கார்ந்து, பெரிய மனிதர் என்பதை மறந்து அழுதார். இன்னொரு பெட்டி தரமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். துணி கட்டியவர் அது எதற்கு என்று விளக்கவில்லை, வெட்டியவர்கள் எதற்கு என்று கேட்கவில்லை. குற்றத்தை யார் தலையில் கட்டுவது என்று ஏழாம் கிலோமீட்டரில் இன்றும் பேச்சு ஓய்ந்தபாடில்லை. ஆரோக்கியசெல்விதான் அவரை எழுப்பி, வீட்டுக்கு வந்து பாருங்கள் என்று கூட்டிப்போனாள். குருத்து அப்போதே அரைச் சாண் வளர்ந்திருந்தது. மடிப்பை விலக்கிப் பார்த்தார். வண்டுகள் கொஞ்சம், புழுக்கள் கொஞ்சம், குளவிகள் கணக்கில்லாமல்.

"காலைல செபம் முடிஞ்சாத்தான் வெளிய வருதுவ சார். அதுக்கு முன்னால எழுப்புனா கோவிச்சுக்கிடுதுவ" என்றாள்.

அவர் அளவு நாடாவை எடுத்து நீளத்தைக் குறித்துக்கொண்டார். வெட்டிய குருத்து வளரக்கூடாது என்று அவர் படித்த புத்தகங்களில் இருந்தது. ஆனால் அவருக்குக் குளவி தேவைப்பட்டது, புத்தகம் தேவைப்படவில்லை.

குளவிகள் தாமாக வேலி தாண்டவில்லை. அவள் நடந்தால் கூடவே வந்தன. அதனால் தினமும் காலை செபம் முடிந்ததும் அவள் முப்பத்தொரு தோட்டங்களையும் சுற்றி நடந்தாள். சேலையைச் சுற்றி லேசான புகை மாதிரி தெரியும்; சத்தம் இருக்காது. ஒரு மரத்தடியில் நின்றால் புகையில் ஒரு பங்கு பிரிந்து குருத்துக்குள் இறங்கும். மழை, காய்ச்சல், கால்வீக்கம் எதற்கும் அவள் ஒருநாள்கூட நிற்கவில்லை. 1975 தொடக்கத்தில் புது ஓலைகள் பச்சையாக விரிந்தன. அந்த விபூதிப் புதனுக்கு முன்னால் சின்னப்பன் வந்து நின்றார். போன வருஷத்துக் குருத்தை எரித்த சாம்பலைத்தான் நெற்றியில் பூச வேண்டும், மந்திரித்ததை வீட்டில் வைத்துக்கொள்ளக்கூடாது என்றார்.

"பச்சையா நிக்கத எப்படி எரிப்பிய உபதேசியாரே? நீங்க எரிஞ்சிருவியளா?" என்று கேட்டாள்.

வழக்கு, போர்ட் பிளேரிலிருந்து வந்த சாமியாரிடம் போயிற்று. அவர் குருத்தை விரலால் தட்டிப் பார்த்து, பச்சை ஓலையில் சாம்பல் வராது, காய்ந்தபின் பார்ப்போம் என்று தீர்ப்புச் சொன்னார். பாம்பும் நோகாமல் பாம்படிக்கிற கோலும் நோகாமல் பேசத் தெரிந்தவர்.

அந்த ஆண்டு இறுதியில் வண்டு அநேகமாக ஒழிந்தது. அதோடு புகையும் மெலிந்தது. தின்னப் புழு இல்லாவிட்டால் குளவி சாகும். குளவி செத்தபின் எங்கோ மிஞ்சிய நாலு வண்டு போதும், திரும்பவும் முதலிலிருந்து தொடங்கும். பகையைக் கொஞ்சம் உயிரோடு வைத்திருக்க வேண்டும், ஒரே ஒரு தோட்டத்தை மட்டும் வண்டுக்கு விட்டுவிடலாம் என்றார் திருநாவுக்கரசு. ஞாயிறு செபம் முடிந்து குருசடியில் ஊர் கூடியது. ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இங்கே பிள்ளையார் கோயில் இல்லை, ஆரோக்கியசெல்வி இருந்தாள்.

"எல்லாத்துக்கும் பிள்ளகுட்டி இருக்கு. ஒனக்கு யாரு இருக்கா செல்வி?" என்றார் சின்னப்பன். கொடுமையாகச் சொல்லவில்லை, கணக்குச் சொல்வது போலத்தான் சொன்னார். இந்தக் கதையைச் சொல்கிற எனக்கு அதுதான் இன்றும் ஆறவில்லை.

"அந்தா படுத்துருக்காவளே, அவிய எனக்கு இல்லியா?" என்று கல்லறைப் பக்கம் கை காட்டினாள்.

அவள் தோட்டத்தையே வண்டுக்கு விடலாமா என்று சின்னப்பன் ஊரைக் கேட்டார். பிறகு கைகள் உயர்ந்தன. அவள் குளவி நடத்திக் காப்பாற்றிய தோட்டங்களின் கைகள் அத்தனையும். திருநாவுக்கரசு தன் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்தப் புதன்கிழமை காலை பத்து மணிக்கு வண்டுகள் புறப்பட்டன. முப்பது தோட்டங்களிலும் மிஞ்சியிருந்தவை மரத்தை விட்டு இறங்கி, ரேஷன் கடைக்குப் போகிற ஆட்கள் மாதிரி வரிசையாகச் சாலையின் இடது ஓரமாக நடந்து, ஆரோக்கியசெல்வியின் வேலிக்குள் போயின. ஹட் பே லாரி ஒன்று அவை கடக்கும்வரை இருபது நிமிஷம் நின்றது. இரண்டு வருஷம் அவளுடைய நாற்பத்தொன்பது மரங்களும் ஓலை ஓலையாகத் தீய்ந்தன. மரம் உடனே சாகாது, பிழைக்காது. பாளை மட்டும் வராது. அவள் வீட்டுக் குருத்தில் குளவி நிறைந்தது. அவள் பழையபடி காலையில் மற்றவர் தோட்டங்களுக்கு நடந்தாள், மாலையில் தன் தோட்டத்தைப் பார்க்காமல் கதவைச் சாத்திக்கொண்டாள். 1977இல் ஊரே காய்த்தது. சின்னப்பன் வீட்டு முதல் குலையிலிருந்து அவளுக்கு ஒரு இளநீர் வந்தது. வாங்கி, நன்றி சொல்லி, ஆட்டுக்கு ஊற்றினாள்.

1978 ஜனவரியில் மரங்களை எண்ண ஓர் அதிகாரி வந்தார். முப்பது தோட்டங்கள் தேறின. ஆரோக்கியசெல்வியின் தோட்டத்தில் காய்த்த மரம் பூஜ்யம். இந்தத் தோட்டம் மற்ற முப்பதுக்காகப் பட்டினி கிடந்தது என்று திருநாவுக்கரசு மூன்று பக்கம் எழுதிக் கொடுத்தார். அதற்குப் படிவத்தில் இடமில்லை என்று அதிகாரி திருப்பித் தந்தார். கெட்டவர் இல்லை, படிவத்தைத் திருப்பியும் போட்டுப் பார்த்தார். பிப்ரவரிக் கப்பலில் அவள் மெயின்லேண்டுக்குப் போக வேண்டும் என்று ஆயிற்று. ஊர் வருத்தப்பட்டது. வருத்தப்படுவதோடு ஊர் நிறுத்திக்கொண்டது.

அவள் ஒரு டிரங்குப் பெட்டியும் மத்தியாஸின் செபமாலையும் எடுத்துக்கொண்டு ஏழு கிலோமீட்டர் நடந்தாள். குருத்தைச் சுவரிலேயே விட்டுவிட்டாள். ஆனால் குளவிகள் அவளோடு வந்தன. வீட்டில் இருந்தவை மட்டுமல்ல. நாலு வருஷமாக முப்பது தோட்டங்களிலும் இறங்கியவற்றின் பேரப்பிள்ளைகள் எல்லாம் மரங்களை விட்டு வந்தன. ஜெட்டியில் வெயில் மங்கியது. கப்பல் ஆள் ஒருவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "யே கியா மச்சர் ஹை?" என்று இந்தியில், கொசுவா எனக் கேட்டான்.

"நஹி பாய், ஹமாரா ஆத்மி ஹை" என்றாள். நம்ம ஆட்கள் என்று சொல்ல அவளுக்குத் தெரிந்த இந்தி அவ்வளவு.

அவள் பாதி வழி வந்தபோதே ஏழாம் கிலோமீட்டரில் வண்டுகள் அவள் வேலியைத் தாண்டிச் சாலையின் வலது ஓரமாகத் திரும்பி நடக்கத் தொடங்கியிருந்தன. பார்த்தவர்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். ஊரே ஜெட்டிக்கு வந்து சேர்ந்தபோது அவள் ஏணிப்படியில் ஒரு கால் வைத்திருந்தாள்.

"போகாத செல்வி. தோட்டமெல்லாம் போயிரும்" என்றார் சின்னப்பன், மூச்சு வாங்க.

அவரை அவள் பார்க்கவில்லை. வழியனுப்ப வந்திருந்த திருநாவுக்கரசைக் கேட்டாள்: "சார், வண்டு பொழைக்க ஒரு தோட்டந்தான் வேணுமா? இல்ல, வீட்டுக்கு ஒரு மரம்னு விட்டாலும் போதுமா?"

"போதும்மா" என்றார்.

"அன்னைக்கே தெரியுமா?"

"தெரியும். ஒரே எடத்துல இருந்தா எண்ணுறதுக்கு சுலபமா இருக்கும்னு நெனச்சேன்."

இரண்டு வருஷம் ஒரு பெண்ணின் தோட்டம் தீய்ந்ததற்குக் காரணம் இவ்வளவுதான். அவள் பெட்டியைக் கீழே வைத்தாள். அடித்திருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும். கடைசியில் சின்னப்பன் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, என் வீட்டில் முதல் மரம் என்றார். பிறகு ஒவ்வொருவராக, குனிந்த தலையோடு, ஒரு மரம், ஒரு மரம் என்று முப்பது பேரும் சொல்லி முடிக்கும்வரை கப்பல் நின்றது. அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பி நடந்தாள். புகையும் திரும்பியது.

வண்டுகள் வீட்டுக்கு ஒரு மரமாகப் பிரிந்து குடியேறின. இரண்டு வீட்டார் தங்கள் பங்கு மரத்தைத் திருட்டுத்தனமாகச் சுத்தம் செய்து பார்த்தார்கள். மறுநாளே வண்டு அவர்களுடைய நல்ல மரத்துக்கு மாறிக்கொண்டது. அதன்பிறகு யாரும் முயலவில்லை. அதிகாரியின் காகிதம் மாறவில்லை. அதன்படி ஆரோக்கியசெல்வியின் நிலம் இன்றுவரை காலி நிலம், அதில் யாரும் வசிக்கவில்லை. அவளுடைய மரங்களில் பதினேழு செத்தன. மற்றவை மெல்லத் தேறின, ஆனால் பாளை தள்ள இன்னும் இரண்டு வருஷம் ஆகும் போலிருந்தது.

அந்த மார்ச்சில் சுவரில் இருந்த குருத்தின் அடியில், பலகை இடுக்கிலிருந்து, முழங்கை நீளத்தில் ஒரு பாளை வெடித்தது. குரும்பைகள் உதிர்ந்து ஒன்று மட்டும் நின்றது. திருநாவுக்கரசு மாதா மாதம் வந்து சுற்றளவு எடுத்துக் குறித்துக்கொண்டார்; காலியான குடத்தில் தண்ணீர் இறைத்து வைத்துவிட்டுப் போனார். நவம்பர் இரண்டாம் தேதி, கல்லறைத் திருநாளன்று, அவள் அந்தக் காயை வெட்டி எடுத்து, ஊர் மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருக்கும்போது கல்லறைக்குக் கொண்டுபோனாள். பாதியை மண்ணில் ஊற்றினாள். "ஒங்க மரந்தான். பிந்திப்போச்சு" என்றாள். மீதியை நின்றபடியே குடித்தாள். தண்ணீர் கொஞ்சம் உப்புக் கரித்தது. அந்தக் கரையில் எல்லா இளநீரும் அப்படித்தான்.

மறுநாளிலிருந்து குருத்து காயத் தொடங்கியது. குளவிகள் அதற்குமேல் அவளோடு நடக்கவில்லை. வீட்டுக்கு வீடு அவற்றுக்கு மரம் இருந்தது. அடுத்த விபூதிப் புதனுக்கு முந்தின நாள், கூரைத் துளை வழியாக அதை உருவியெடுத்து, தோளில் சுமந்துபோய்ச் சின்னப்பன் வாசலில் போட்டு, "இப்பம் எரியும்" என்றாள். எரிந்தது. முப்பத்தொரு வீட்டு நெற்றிக்கும் பூசியபின் மிஞ்சிய சாம்பலைச் சின்னப்பன் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்தார். அது மேலும் நான்கு வருஷத்துக்கு வந்தது. மழைக்கு முன்னால் திருநாவுக்கரசு போர்ட் பிளேரிலிருந்து ஒரு துண்டுத் தகரம் கொண்டுவந்து, தானே ஏறித் துளையை அடைத்தார். ஆரோக்கியசெல்வி ஏணியைப் பிடித்துக்கொண்டாள். அதன்பின் அந்த வீடு ஒழுகவில்லை.